தம் எங்கே சேர்கிறது? நாற்பதைத் தாண்டிய குத்துச்சண்டை வீரர்களும் பெரிய போட்டிக்கு முந்தைய பயிற்சியும்

1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். சுற்று முடிந்து மணி அடித்ததும் ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் மூரர் தன் மூலைக்குப் போய் ஸ்டூலில் உட்காருகிறார். அவருக்கு வயது 26. எதிர் மூலையில் ஜார்ஜ் ஃபோர்மன் உட்காரவில்லை. அந்த ஒரு நிமிட இடைவேளையை நின்றபடியே கழிக்கிறார். அவருக்கு வயது 45. ஒன்பது சுற்றுகள் இப்படியே போகின்றன. மூன்று நடுவர்களின் கணக்கிலும் ஃபோர்மன் பின்தங்கியிருக்கிறார். பத்தாவது சுற்றில், பெரிய வேகம் எதுவும் இல்லாமல், அடுத்தடுத்து வலது கைக் குத்துகள் இறங்குகின்றன. கடைசிக் குத்து தாடையில் குறுகலாக விழ, மூரர் மல்லாந்து கிடக்கிறார். எண்ணி முடிக்கிறார்கள். ஃபோர்மன் தன் மூலைக்குத் திரும்பி மண்டியிட்டு வணங்குகிறார்.

இருபது ஆண்டுகளுக்கு முன், 1974 அக்டோபர் 30 அன்று, கின்ஷாசாவில் இதே ஃபோர்மன் முகமது அலியிடம் எட்டாவது சுற்றில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. அலியின் குத்துகள் பாதிக் காரணம் என்றால், மூச்சு தீர்ந்துபோனது மறுபாதி. 1977இல் சான் யுவானில் ஜிம்மி யங்கிடம் தோற்றபோதும் அதே கதைதான். கடைசிச் சுற்றில் கீழே விழுந்தவர், உடைமாற்றும் அறைக்குப் போய் அங்கே துவண்டு விழுந்தார். அப்போது வயது 28.

இருபத்தைந்தில் எட்டுச் சுற்றுக்குள் தீர்ந்துபோன தம், நாற்பத்தைந்தில் பத்தாவது சுற்றிலும் எப்படி மிச்சம் இருந்தது? மூத்த வீரர்களின் பயிற்சியைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. உடலியல் ஆய்வுகளையும், நாற்பதைத் தாண்டி ரிங்கில் ஏறியவர்களின் அனுபவங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்து எனக்குக் கிடைத்த விடை இது: மூத்த வீரரின் தம் மூன்று இடங்களில் சேர்கிறது. போட்டி இல்லாத காலத்தில் கெடாமல் காத்த உடம்பில். பயிற்சி முகாமில் துணிந்து எடுத்த ஓய்வில். ரிங்குக்குள் வீணாக்காத அசைவில். கடைசி எட்டு வாரத்தில் முரட்டுத்தனமாக உழைத்துத் தம்மைச் சம்பாதித்துவிடலாம் என்று நம்பியவர்கள் பலர். அந்த நம்பிக்கைதான் அவர்களைக் கவிழ்த்தது.

வயது எடுத்துக்கொள்வதும் விட்டுவைப்பதும்

தொழில்முறை உலகப் பட்டப் போட்டி என்பது ஆண்களுக்குப் பன்னிரண்டு சுற்று. சுற்றுக்கு மூன்று நிமிடம். நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. குத்து என்பது கண் இமைக்கும் நேரத்து வெடிப்பு. அந்த வெடிப்புக்கான எரிபொருள் தசைக்குள்ளேயே இருக்கிறது. சில நொடிகளில் தீர்ந்தும் விடுகிறது. தீர்ந்ததை மறுபடி நிரப்புவது ஆக்சிஜன். அதனால்தான் பார்ப்பதற்கு வெடிப்பாகத் தெரியும் இந்த விளையாட்டில், செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்சிஜனைக் கொண்டே கிடைக்கிறது என்று, அமெச்சூர் பாணி மூன்று சுற்றுகளை மாதிரியாக நடத்தி அளந்தவர்கள் சொல்கிறார்கள். பன்னிரண்டு சுற்று என்றால் அந்தப் பங்கு குறைய வழியில்லை.

வயது ஏற ஏற முதலில் குறைவது இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு. 220இலிருந்து வயதைக் கழிப்பது என்ற தோராயக் கணக்குப்படி, 25 வயதில் நிமிடத்துக்கு 195. 45 வயதில் 175. எந்தப் பயிற்சியும் இந்த உச்சத்தைத் திருப்பித் தராது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு, பயிற்சி இல்லாதவர்களுக்கு முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்குச் சுமார் பத்து விழுக்காடு சரிகிறது. கடும் பயிற்சியை விடாமல் செய்பவர்களுக்கு இந்தச் சரிவு கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘விடாமல்’ என்பது.

அடுத்தது தசை. விரைந்து சுருங்கும் இழைகளும் மெதுவாகச் சுருங்கும் இழைகளும் நம் தசையில் கலந்திருக்கின்றன. முதுமை விரைவு இழைகளைத்தான் முதலில் மெலியவைக்கிறது. ஆகவே வேகம் முதலில் போகும், அடுத்து வலு, கடைசியாகத் தாக்குப்பிடிக்கும் திறன். மூத்த வீரரின் குத்து இன்னும் கனமாகவே இருக்கலாம். ஆனால் அது போய்ச் சேரும் நேரம் கூடிவிடுகிறது. மூளை ஆபத்தைக் கண்டுகொண்டு தலையை விலக்கும் நேரமும் கூடிவிடுகிறது.

மூன்றாவது, மீளும் வேகம். வயதோடு ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. தசைநார்களும் மூட்டுகளும் காயத்திலிருந்து மெதுவாகவே தேறுகின்றன. உணவிலிருந்து தசையைக் கட்டும் வேலையும் மந்தமாகிறது. ஒரு வேளை உணவில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கால் கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதம் இளைஞரின் தசைக்குப் போதும், முதியவர்களுக்கு 0.4 கிராம் வரை தேவைப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாற்பது வயது வீரர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார். எண்பது கிலோ எடையுள்ளவர் ஒரு வேளைக்கு இருபது கிராமோடு நிறுத்தாமல் முப்பதை நெருங்குவது நல்லது.

வயது விட்டுவைப்பது என்ன? மெதுவான இழைகளின் உறுதி, எதிராளியின் தோள் அசைவிலிருந்தே வரப்போகும் குத்தைப் படிக்கும் கண், பதற்றம் இல்லாத மூச்சு. மூத்த வீரர் கையிலிருக்கும் முதல் இவ்வளவுதான். அவருடைய பயிற்சி இந்த முதலைப் பெருக்க வேண்டும். போனதைத் துரத்திக்கொண்டு ஓடினால் இருப்பதும் போய்விடும்.

முகாமுக்கு முந்தைய ஆண்டுகள்

‘விடாமல்’ என்ற சொல்லுக்கு உடலும் உயிருமாக நின்று காட்டியவர் பிலடெல்பியாவின் பெர்னார்ட் ஹாப்கின்ஸ். பதினேழு வயதில் சிறைக்குப் போய், ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்து 1988இல் வெளியே வந்தார். சிறைக்குள் பழகிய ஒழுங்கு அதன்பின் அவரை விட்டுப் போகவில்லை. மது இல்லை. விடியலில் ஓட்டம். தட்டில் என்ன விழுகிறது என்பதில் கண்டிப்பு. போட்டி எதுவும் முடிவாகாத மாதங்களிலும் அவருடைய எடை போட்டி எடையை ஒட்டியே நின்றது.

இதன் பலன் முகாமில்தான் தெரியும். மற்றவர்கள் பத்து வார முகாமின் முதல் பாதியைக் கொழுப்பைக் கரைப்பதில் செலவழிப்பார்கள். கரைக்கும் வேலையே உடம்பைச் சோர வைத்துவிடும். ஹாப்கின்ஸுக்கு அந்த வேலை இல்லை. முதல் வாரத்திலிருந்தே எதிராளியைப் படிப்பதிலும் நுட்பத்திலும் நேரம் செலவிட முடிந்தது. 2006இல், 41 வயதில், 160 பவுண்டு பிரிவிலிருந்து 175 பவுண்டு பிரிவுக்கு ஏறி அன்டோனியோ டார்வரை வென்றபோதும், உடற்பயிற்சி நிபுணர் மேக்கி ஷில்ஸ்டோனின் துணையோடு அந்த எடையைத் திட்டமிட்டு ஏற்றினார். 2008இல், 43 வயதில், தன்னைவிடப் பதினேழு வயது இளையவரான கெல்லி பாவ்லிக்கைப் பன்னிரண்டு சுற்றும் ஆட்டிவைத்தார்.

ஃபோர்மனின் வழி வேறு. பத்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 1987 மார்ச்சில் திரும்பி வந்தபோது அவர் எடை 267 பவுண்டு, அதாவது 121 கிலோ. பெரிய போட்டி எதையும் உடனே கேட்கவில்லை. சிறிய ஊர்கள், பெயர் தெரியாத எதிராளிகள் என்று அடிக்கடி ஏறினார். 1991இல் எவாண்டர் ஹோலிஃபீல்டோடு மோதுவதற்குள் தொடர்ந்து 24 வெற்றிகள். அந்த எதிராளிகளைக் காட்டிக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் பயிற்சிக் கண்ணோடு பார்த்தால், அந்த நான்கு ஆண்டுகள் முழுவதும் ஒரே முகாம். ரிங்கின் விளக்குக்குக் கீழே, உண்மையான குத்துகளுக்கு நடுவே, மூச்சை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர் மறுபடி கற்றார். ஹோலிஃபீல்டிடம் தோற்றாலும் 42 வயதில் பன்னிரண்டு சுற்றையும் நின்று முடித்தார். மூன்று ஆண்டு கழித்து மூரரோடு மோதியபோது கைகொடுத்தது அந்தச் சேமிப்புதான்.

முகாமின் கணக்கு

பெரிய போட்டிக்கு எட்டிலிருந்து பத்து, பன்னிரண்டு வாரம் முகாம் போடுவது வழக்கம். விடியலில் ஓட்டம், பிற்பகலில் பை, ஸ்கிப்பிங், பயிற்சியாளரின் கையுறைப் பயிற்சி, வாரத்தில் சில நாள் துணைவரோடு மோதிப் பழகும் ஸ்பாரிங். பழைய தலைமுறைப் பயிற்சியாளர்களுக்கு ஒரே மந்திரம்தான்: களைத்தால் இன்னும் ஓடு. இருபது வயதில் அது பலித்தது. நாற்பதில் அதே மந்திரம் முழங்காலையும் இடுப்பையும் வாங்கிக்கொண்டு, தம்மைக் கொடுக்காமல் போய்விடுகிறது.

மூத்த வீரர்களுக்கு இன்று நல்ல பயிற்சியாளர்கள் செய்யும் மாற்றங்களை நான்காகச் சொல்லலாம்.

ஒன்று, ஓட்டத்தின் சுமையைப் பிரிப்பது. தார்ச்சாலையில் தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுவதற்குப் பதில் சில நாள் நீச்சல், சில நாள் சைக்கிள், சில நாள் மேட்டில் ஏறும் ஓட்டம். இதயத்துக்கு வேலை அதேதான். மூட்டுக்கு அடி குறைவு. மெதுவான நீண்ட ஓட்டத்தோடு, மூன்று நிமிட உழைப்பு, ஒரு நிமிட ஓய்வு என்று போட்டியின் தாளத்திலேயே அமைந்த சுற்றுகளும் வாரத்தில் ஓரிரு முறை சேரும். அந்த ஒரு நிமிடத்தில் இதயத் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் தம்மின் நல்ல அளவுகோல். எவ்வளவு உயரத்துக்கு ஏறியது என்பதைவிட எவ்வளவு விரைவாக இறங்கியது என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு, கடும் நாளுக்கும் கடும் நாளுக்கும் நடுவே இடைவெளி. இளைஞர் திங்களன்று ஸ்பாரிங் செய்து செவ்வாயன்று மறுபடி செய்யலாம். மூத்தவருக்கு நடுவில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் தேவை. இந்த இடைவெளியைச் சோம்பல் என்று நினைக்கும் வீரர்களே அதிகம்; நாற்பது வயதிலும் ரிங்கில் நிற்பவர் இயல்பிலேயே ஓயாத உழைப்பாளி. அவரை ஓட வைக்கப் பயிற்சியாளர் தேவையில்லை. நிறுத்தத்தான் தேவை.

மூன்று, ஸ்பாரிங்கைக் குறைப்பது. ஒரு முகாமில் நூறு சுற்றுக்கு மேல் ஸ்பாரிங் செய்வது சாதாரணமாக நடக்கிறது. தலையில் விழும் குத்துகளில் பெரும்பங்கு கூட்டம் பார்க்காத இந்த அறைகளில்தான் விழுகிறது. ஸ்பாரிங்கில் காயம் பட்டால் திட்டம் முழுவதும் தள்ளிப்போகும். 1974இல் ஃபோர்மனின் கண்ணுக்கு மேல் ஸ்பாரிங்கில் பட்ட வெட்டுத்தான் கின்ஷாசா போட்டியை ஐந்து வாரம் தள்ளிவைத்தது. இளம் தோலுக்கே அந்தக் கதி. மூத்தவருக்கு எதிராளியைப் போலவே அசையும் ஓரிரு துணைவர்களோடு, குறிப்பிட்ட சூழ்நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குறைந்த சுற்றுகள் போதும். ரிங் அனுபவம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மறுபடி அடி வாங்கித்தான் அதை நினைவுபடுத்த வேண்டும் என்பதில்லை.

நான்கு, கடைசி இரண்டு வாரம். பல விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது இது: போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பயிற்சியின் மொத்த அளவை நாற்பதிலிருந்து அறுபது விழுக்காடு வரை குறைத்து, தீவிரத்தைக் குறைக்காமல் வைத்தால் திறன் கூடுகிறது. ஓட்டம் பாதியாகும், ஓடும் கொஞ்ச நேரத்தில் வேகம் குறையாது. களைப்பு வடிந்து, அதற்குக் கீழே மறைந்திருந்த வலு மேலே வரும் காலம் இது. மெதுவாக மீளும் உடம்புக்கு இந்தக் காலம் இன்னும் அவசியம். ஆனால் போட்டி நெருங்க நெருங்க வரும் பயம் நேர் எதிரான பக்கம் இழுக்கும். ‘இன்னும் கொஞ்சம் ஓடிவிடலாம்’ என்று மனசு சொல்லும். மூத்த வீரர் அதிகம் தோற்கும் இடம், யாரும் பார்க்காத இந்த இரண்டு வாரம்தான்.

தராசின் பொய்

1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் பழைய நண்பர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் அங்கே இருந்தார். பருத்த உடம்போடு, சிரித்த முகத்தோடு இருந்த அந்த அலியை நேரில் பார்த்தவர்கள் இன்றும் நம் ஊரில் உண்டு. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி அவர் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸோடு மோதினார். வயது 38. இரண்டு ஆண்டாகப் போட்டி இல்லை.

தயாரிப்பைத் தொடங்கும்போது எடை சுமார் 250 பவுண்டு. போட்டிக்கு முன் தராசில் ஏறியபோது 217½. கின்ஷாசாவில் வென்றபோது இருந்த எடைக்கு ஒரு பவுண்டு மட்டுமே கூடுதல். நரை மறைந்து, இடுப்பு சுருங்கி, பழைய அலியைப் போலவே தெரிந்தார். பத்திரிகைகள் வியந்தன. உள்ளே நடந்தது வேறு. எடையை இறக்க அவர் தைராய்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மருந்து கொழுப்போடு தசையையும் கரைக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும், உடம்பைச் சூடேற்றும். வேகாஸின் வெக்கையில், திறந்தவெளியில் போட்ட அரங்கில், முதல் சுற்றுகளிலேயே அவர் கால் ஓடவில்லை, கை எழவில்லை. ஒருகாலத்தில் அலிக்கு ஸ்பாரிங் துணையாக இருந்த ஹோம்ஸ், அடிக்க அடிக்க நடுவரைத் திரும்பிப் பார்த்தார். பத்துச் சுற்று அது நீண்டது.

தராசு எடையைத்தான் சொல்லும்; அந்த எடை எதனால் ஆனது என்று சொல்லாது. அலியின் 217½ பவுண்டும் 1974இன் 216½ பவுண்டும் ஒன்றல்ல. மூத்த உடம்பிலிருந்து வேகமாகக் கரையும் எடையில் தசையும் நீரும் கணிசமாகப் போகும். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். சிறுநீரகம் நீரைத் தக்கவைக்கும் திறனும் குறையும். எடை பார்த்த மறுநாள் இரவுக்குள் போன நீர் முழுவதும் திரும்பி வருவது நிச்சயமில்லை. நீர் வற்றிய உடம்பில் மூளையைச் சுற்றியுள்ள காப்பும் பலவீனப்படுகிறது என்ற கவலை மருத்துவர்களுக்கு உண்டு. எடை குறைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: மாதக்கணக்கில், வாரத்துக்கு அரைக் கிலோவோ சற்றுக் கூடவோ, புரதத்தையும் வலுப் பயிற்சியையும் விடாமல் குறைப்பது. அவ்வளவு நேரம் இல்லையென்றால் அந்த எடைப் பிரிவு தனக்கானதில்லை என்று ஒப்புக்கொள்வதே அறிவு.

இதற்கு விதிவிலக்காகத் தோன்றுபவர் மேரி கோம். 2018 செப்டம்பரில் போலந்தில் ஒரு போட்டிக்குப் போய் இறங்கியபோது எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. எடை பார்க்க நான்கு மணி நேரமே இருந்தது. இடைவிடாமல் ஸ்கிப்பிங் செய்து இறக்கினேன் என்று அவரே சொன்னார். தங்கமும் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் புதுதில்லியில் ஆறாவது உலகப் பட்டம். முப்பத்தைந்தைத் தொட்ட மூன்று பிள்ளைகளின் தாய் இதைச் செய்தார் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனாலும் இதைப் பயிற்சி முறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கச்சிதமான, கொழுப்பில்லாத உடம்பு; மூன்று சுற்று மட்டுமே கொண்ட அமெச்சூர் ஆட்டம்; பல ஆண்டுப் பழக்கம். இவை மூன்றும் சேர்ந்திருந்ததால் அது நடந்தது. பன்னிரண்டு சுற்று ஹெவிவெயிட் வீரருக்கு அதே நான்கு மணி நேரம் உயிருக்கே உலையாகலாம்.

ரிங்குக்குள் சிக்கனம்

ஃபோர்மனின் கேள்விக்கு இப்போது திரும்பலாம். கின்ஷாசாவில் அவர் ஒவ்வொரு குத்தையும் கடைசிக் குத்தாக நினைத்து வீசினார். அலி கயிற்றில் சாய்ந்து கைகளால் மூடிக்கொண்டு வாங்கினார். தோளும் கழுத்தும் தாடையும் இறுகிய நிலையில் வீசும் ஒவ்வொரு குத்தும் இரு மடங்கு செலவு. இறுகிய நெஞ்சில் மூச்சு மேலோட்டமாகவே போகும். இருபத்தைந்து வயது இதயமும் அந்தச் செலவைத் தாங்கவில்லை.

திரும்பி வந்த ஃபோர்மன் வேறு ஆள். இரு கைகளையும் முகத்துக்கு முன்னால் குறுக்கே மடித்து வைக்கும் காப்பைக் கையாண்டார். அது ஆர்ச்சி மூரின் முறை. அந்த மூர் கின்ஷாசாவிலும் ஃபோர்மனின் அணியில் இருந்தார்; திரும்பி வந்த காலத்திலும் பயிற்சி கொடுத்தார். கால் ஓடவில்லை. ரிங்கின் நடுவில் நின்று, எதிராளியைச் சுற்ற விட்டார். சுற்றுபவர் நடக்கும் தூரம் நடுவில் நிற்பவரைவிடப் பல மடங்கு. இடது கைக் குத்தை ஓயாமல் தள்ளுவது, வலதைச் சேமித்து வைப்பது. மூரர் இடதுகைக்காரர், நேராக வரும் வலது கைக்கு அவர் திறந்து கிடப்பார். அந்தத் திறப்புக்காக ஃபோர்மன் ஒன்பது சுற்றுக் காத்திருந்தார்.

நின்றபடியே இடைவேளையைக் கழித்ததற்கும் காரணம் உண்டு. எதிராளியின் மனசில் ஒரு செய்தி விழும். கனத்த உடம்பை ஒவ்வொரு முறையும் உட்கார வைத்து எழுப்பும் சிரமமும் இல்லை. இதே மொழியை 2011இல் மாண்ட்ரியாலில் ஹாப்கின்ஸ் இன்னும் துணிவாகப் பேசினார். ஜான் பாஸ்கலுக்கு வயது 28, ஹாப்கின்ஸுக்கு 46. ஏழாவது சுற்றுக்கு மணி அடிக்கும் முன், பாஸ்கல் மூலையிலிருந்து எழுந்து வருவதற்குள், ஹாப்கின்ஸ் ரிங்கின் தரையில் கையூன்றித் தண்டால் எடுத்தார். அதில் செலவான ஆற்றல் கொஞ்சம்தான். அதைப் பார்த்த பாஸ்கலுக்குள் கரைந்தது கொஞ்சமாக இருந்திருக்காது. முந்தைய டிசம்பரில் நடந்த முதல் மோதலில் பாஸ்கல் ஹாப்கின்ஸை இரு முறை கீழே தள்ளியும், பிற்பாதியில் மூச்சு வாங்கி வெற்றியைக் கோட்டைவிட்டிருந்தார். எதிராளியின் தம் எங்கே உடையும் என்று ஹாப்கின்ஸ் குறித்து வைத்திருந்தார். இரண்டாவது மோதலில் வென்று, மிக வயதான உலகச் சாம்பியன் என்ற ஃபோர்மனின் சாதனையையும் தாண்டினார்.

இவர்கள் இருவருக்கும் முன்னோடி அந்த ஆர்ச்சி மூர். பிறந்த ஆண்டு 1913 என்றும் 1916 என்றும் இரண்டு கணக்கு. 1958 டிசம்பரில் மாண்ட்ரியாலில் யுவோன் டுரெல் அவரை முதல் சுற்றிலேயே மூன்று முறை வீழ்த்தினார். ஐந்தாவதில் இன்னொரு முறை. நாற்பதைத் தாண்டிய அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் எழுந்து, மூச்சைத் திரட்டி, பதினொன்றாவது சுற்றில் டுரெலை வீழ்த்தினார். விழுந்தபின் உடனே பதில் குத்துக்குப் பாயாமல், கட்டிப்பிடித்து, மூடிக்கொண்டு, சுற்றைக் கடத்தியதுதான் அவரைக் காப்பாற்றியது. பதறாதவரிடம்தான் தம் மிஞ்சும்.

எந்த முகாமும் திருப்பித் தராதது

ஃபோர்மன், ஹாப்கின்ஸ், மூர் என்று வென்றவர்களை மட்டும் அடுக்கினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். 2014 நவம்பரில், ஐம்பதுக்கு இரண்டு மாதம் குறைவான ஹாப்கின்ஸ், செர்கெய் கோவலெவிடம் பன்னிரண்டு சுற்றையும் இழந்தார். கடைசி மணி வரை நின்றார், தம் இருந்தது. ஆனால் குத்த முடியவில்லை. வேகம் போய்விட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 51 வயதில், ஜோ ஸ்மித் ஜூனியரின் குத்துகளில் கயிற்றைத் தாண்டி ரிங்குக்கு வெளியே விழுந்தார். அத்தோடு எல்லாம் முடிந்தது. ஒரு நாள்கூட ஒழுங்கு தவறாத மனிதருக்கே அந்த முடிவு.

மேனி பாக்கியாவ் 2019இல் 40 வயதில் கீத் தர்மனை வென்றார். இரண்டு ஆண்டு கழித்து யோர்டெனிஸ் உகாஸிடம் தோற்றபோது கால் தசைகள் பிடித்துக்கொண்டன. 2025 ஜூலையில் 46 வயதில் மரியோ பாரியோஸோடு சமன் செய்தார். 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசன் ஜேக் பாலோடு மோதினார். அதற்குச் சில மாதம் முன் வயிற்றுப் புண்ணால் ரத்தம் இழந்து, 25 பவுண்டு எடையும் இழந்ததாக அவரே எழுதினார். சுற்றுக்கு இரண்டே நிமிடம், எட்டே சுற்று என்று சுருக்கியும், அவர் வீசிய குத்துகள் 97; பட்டவை 18. நாற்பதுக்கும் நாற்பத்தாறுக்கும், நாற்பத்தாறுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் உள்ள தூரத்தைப் பயிற்சியால் அழிக்க முடியாது என்பதற்கு இவையே சாட்சி.

எல்லாவற்றுக்கும் மேல், தலை. வயதோடு மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. ஒரு குத்தின் அதிர்வில் அவை கிழியும் வாய்ப்பு கூடுகிறது. 1928இலேயே ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் நோயாக விவரித்து எழுதினார். மூச்சுக்குப் பயிற்சி உண்டு, தசைக்கு உண்டு. மூளை குத்தைத் தாங்கப் பயிற்சி கிடையாது. தம் நன்றாக இருப்பதே ஓர் ஆபத்தாகவும் மாறலாம். மூச்சு தீர்ந்தவர் நான்காவது சுற்றில் விழுந்து வீட்டுக்குப் போவார். மூச்சுள்ளவர் பன்னிரண்டு சுற்றும் நின்று வாங்கிக்கொண்டிருப்பார்.

எனவே வயதைக் காட்டிக் கதவை மூடிவிடலாமா? மூரர் போட்டிக்கு முன் உலகக் குத்துச்சண்டைச் சங்கம் ஃபோர்மனின் வயதைக் காரணம் சொல்லி அனுமதி மறுத்தது. அவர் நெவாடா நீதிமன்றத்துக்குப் போய், வயதுப் பாகுபாடு என்று வாதிட்டு வென்றார். அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். பிறந்த தேதி ஒருவரின் உடம்பைச் சொல்லிவிடாது. மூளை ஸ்கேன், இதயப் பரிசோதனை, பேச்சும் நடையும் முந்தைய ஆண்டைவிட மாறியிருக்கிறதா என்ற ஒப்பீடு: இவையே அளவுகோல் ஆக வேண்டும். அவையும் முகாம் தொடங்கும் முன் நடக்க வேண்டும். அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, 1977இல் எர்னி ஷேவர்ஸ் போட்டிக்குப் பின் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் அறிக்கையைப் பார்த்து, நிறுத்துங்கள் என்று சொன்னார். கேட்கவில்லை. அவர் விலகிக்கொண்டார். அதன்பின்னும் அலி நான்கு முறை ரிங்கில் ஏறினார். 1984இல் பார்கின்சன் நோய் உறுதியானது.

மூலையில் நிற்பவர்

1980 அக்டோபர் 2 இரவு, பத்தாவது சுற்று முடிந்து அலி மூலைக்கு வந்து உட்கார்ந்தார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நடுவரிடம் போதும் என்றார். அலியின் நெடுநாள் துணைவர் ட்ரூ பண்டினி பிரவுன் விடவில்லை. இன்னும் ஒரு சுற்று என்று மன்றாடினார். இந்த மூலைக்கு நானே பொறுப்பு என்று டண்டீ உறுதியாக நின்றார். போட்டி நின்றது. அலியின் வாழ்வில் அவர் குத்துத் தாங்காமல் போட்டி நிறுத்தப்பட்டது அந்த ஒரே முறைதான்.

கின்ஷாசாவில் ஃபோர்மனை வீழ்த்திய அலியின் மூலையில் நின்றவரும் இதே டண்டீதான். இருபது ஆண்டு கழித்து, மூரரை வீழ்த்திய இரவில், நாற்பத்தைந்து வயது ஃபோர்மனின் மூலையில் நின்றவர்களில் ஒருவரும் அவர்தான். அன்று ஒன்பது சுற்று பின்தங்கியிருந்தும் அவர் துண்டை எடுக்கவில்லை. நின்றுகொண்டிருந்த மனிதரின் கண் தெளிவாக இருந்தது. மூச்சு சீராக இருந்தது. கை இன்னும் குத்தியது. 1980இல் அலியிடம் இந்த மூன்றும் இல்லை. வயதைவிட இந்த மூன்றையே டண்டீ பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பெரிய போட்டிக்குத் தயாராகும் மூத்த வீரர் ஓட்டப் பாதையையும் உணவுத் தட்டையும் ஓய்வு நாளையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த மனிதரை: முகாமில் ‘இன்று வேண்டாம், போய்த் தூங்கு’ என்றும், ரிங்கில் ‘போதும்’ என்றும் சொல்லக் கூடியவரை. ஓட்டமும் உணவும் ஓய்வும் சேர்த்துக் கொடுக்கும் தம்மைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவது அந்த ஒரு குரல்தான்.